வானம் கழித்து

இது சத்தியமாக நடந்த கதை. நம்பாதவர்கள் அதோ அந்தச் சுவரையே கேட்டுக்கொள்ளலாம். என்ன, என் வாயில் விழுந்தால் பத்தடிச் சுவர் முப்பதடி ஆகும். அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதே சலூன்தான். அப்போதெல்லாம் வாசலில் கால் வைத்தாலே சோப்பு நுரையும் பவுடரும் மணக்கும். நாற்காலி உட்காரும்போது ஒருமுறை, எழும்போது ஒருமுறை கத்தும். ரேடியோவுக்கு மண்டையில் ஒரு தட்டு வைத்தால்தான் பாட்டு வரும். அந்த மணம் இப்போது எந்தக் கடையில் இருக்கிறது?

ரோலர் என்று எல்லாரும் கூப்பிட்ட பெண், அண்ணனோடு வீடு வீடாகப் போய் வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷத்தில் அவள் அடித்த வெள்ளையைச் சேர்த்தால் நிலாவுக்கே இரண்டு கோட்டிங் போடலாம். ஆனால் ஆசையெல்லாம் சுவரில் படம் வரைவதில். முதல் வேலையாக இந்தச் சுவர் கிடைத்ததும் அண்ணன் கறாராகப் பந்தயம் கட்டினார்.

"இதுல கையக் கடிச்சுதுன்னா பேசாம வந்து ரோலரப் புடிச்சிடணும். சரியா?"

"சரிண்ணே."

விலை போடுவதில்தான் வந்தது வினை. வெள்ளையடிப்புக்குச் சதுர அடிக் கணக்கு. சன்னலையும் கதவையும் கழித்துவிடுவார்கள். படத்துக்கு? யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. கடைசியில் பழைய பழக்கம் ஜெயித்தது. வானமும் சன்னல் மாதிரி திறந்த இடம்தானே! மரம் இருநூறு, ஆள் முந்நூறு, குருவி ஐம்பது, வானம் கழிவு என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

சலூன்காரர் படித்தார். உதட்டுக்கு முன்னால் மீசை சிரித்தது.

"எனக்கு மரமும் வேணாம், மனுஷனும் வேணாம்மா. சுவரு முழுக்க வானம் போட்டுடு. ஓரமா ஒரே ஒரு குருவி."

எழுதிக் கொடுத்த பிறகு என்ன பேசுவது? பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பது நாள் வரைந்தாள். நாற்பது வகை நீலம் கலக்கினாள். சரி, நாலு வகை. கீழே விடியலின் வெளிச்சம், மேலே மழை மேகம். அந்த மேகத்தைப் பார்த்து ஒருவர் குடையை விரித்துக்கொண்டே முடி வெட்டிக்கொண்டார் என்றால் பாருங்கள்.

அண்ணன் வந்து பார்த்தார். "ஐம்பதுக்கு வானத்தையே வித்துட்டியேடி! பெயிண்டு காசுக்குக்கூட காணாது. நாளைக்குக் காலைல வேலைக்கு வந்துடு."

அவள் ஏணியை மடக்கினாள்.

அப்போது நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு இருந்த எதிர்க்கடைப் பல் டாக்டர் திரும்பினார். "ஏம்மா, இதே வானம் என் கிளினிக்குக்கும் வேணும். பல்லு புடுங்கறப்ப ஜனங்க இதையாவது பாத்துக்கிட்டு இருக்கட்டும். என்ன விலை?"

அவள் ஏணியைக் கீழே வைத்தாள்.

"அடிக்கு நாப்பது டாக்டர். சன்னலக் கழிச்சுக்கலாம். வானத்தக் கழிக்க மாட்டேன். குருவி சும்மா."

அதற்குப் பிறகு அவள் ரோலரைத் தொடவே இல்லை. ஊரில் பாதிச் சுவர்களில் இன்று அவள் வானம்தான். இந்த முதல் வானம் மட்டும் வெளுத்துவிட்டது. குருவி அப்படியே இருக்கிறது. ஆக, பந்தயத்தில் ஜெயித்தது...

"எங்க ஜெயிச்சா?" மூலை பெஞ்சில் கதை கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் எழுந்துவிட்டார். "இந்தச் சுவத்துல கையக் கடிச்சுதா இல்லியா? அதானே பேச்சு!"

"யோவ், அந்த நஷ்டத்துக்குத்தானே ஒரு வருஷம் உனக்கு ஓசியில வெட்டுனேனே, அதையும் கணக்குல சேரு!" என்று சலூன்காரர் கத்தரியோடு திரும்பினார்.

அண்ணன் தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டினார். "அந்த ஓசி வெட்டோட லட்சணம் இதான்!"

"சண்டைய அப்புறம் போடுங்கய்யா, என் தலை பாதியில நிக்குது!" என்று நாற்காலியில் இருந்தவர் கத்தினார்.