ஏழாம் மாதத்துக்கு வந்தவர்

மகளின் வளைகாப்புக்காக மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் கண்ணாடி வளையல் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளினிக் சிஸ்டர் போனில் அழைத்து, விசாலம் டாக்டர் காலையில் காலமாகிவிட்டார் என்றார். கடைக்காரர் என்ன அளவு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். இதே மகள் என் வயிற்றில் இருந்தபோது, சூலகத்தில் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. புற்றாக இருக்கலாம், கருவைக் கலைத்துவிட்டு வைத்தியம் பார்ப்பதே நல்லது என்றார் முதலில் பார்த்த டாக்டர். தாராவியிலிருந்து அழுதுகொண்டே விசாலம் டாக்டரிடம் போனோம். அவர் எங்கள் முன்னாலேயே ஒரு புற்றுநோய் மருத்துவருக்குப் போன் போட்டு, தம் சந்தேகங்களைக் கூச்சமில்லாமல் கேட்டார்.

பிறகு என்னிடம், "இது அபூர்வமா வர்றது. நானே அதிகம் பாத்ததில்லை. ரெண்டு பேரையும் காப்பாத்தப் பாக்கறேன். சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்" என்றார். பாலக்காட்டுக்காரர், தேன் தடவிப் பேசத் தெரியாது. அந்தப் பேச்சில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

ஐந்தாம் மாதத்தில் ஆபரேஷன். ஏழாம் மாதம் வரை பிள்ளை தங்குமோ என்று பயந்த என் மாமியார், முந்தின நாளே அவசர அவசரமாக வளைகாப்பு நடத்தி, இரு கையிலும் வளையல்களை அடுக்கிவிட்டார். மறுநாள் அவற்றைக் கழற்றச் சொன்னார்கள். மாமியாருடையது உடும்புப் பிடி.

"பிரசவத்துக்கு முந்தி கழட்டுனா பிள்ளைக்கு ஆவாதும்மா."

டாக்டர் கோபிக்கவில்லை. தாமே ஒவ்வொன்றாகக் கழற்றி மாமியாரின் முந்தானையில் போட்டார்.

"பத்திரமா வச்சுக்கோங்கோ. ஏழாம் மாசத்துக்கு வேணும். நான் வரேன்."

கட்டி இருந்த சூலகத்தை மட்டும் எடுத்தார். புற்றுதான், ஆனால் பரவியிருக்கவில்லை. அதன்பின் ஸ்கேன் மேல் ஸ்கேனாகப் பார்த்துக் காத்திருந்தோம். ஏழாம் மாதம், சொன்னபடியே எங்கள் சந்துக்குள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். அதே வளையல்களில் முதலாவதை அவரே போட்டார். மாமியார் அவர் கையில் இரண்டு போட்டபோது, ஆபரேஷன் பண்ணும் கை, சாயங்காலம் வரைக்கும்தான் என்று சிரித்தார்.

போன மாதம் மகளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். மிகவும் மெலிந்திருந்தார். இவளுக்கும் முதல் வளையல் நீங்கள்தான் போட வேண்டும் என்றேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாக்கலாம்" என்றார். வரேன் என்று சொல்லவில்லை. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இப்போது அவரை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று இருக்கிறது.

வளையல்களை வாங்கிவிட்டேன், டாக்டர். உங்களுக்கும் இரண்டு சேர்த்துத்தான் வாங்கினேன். போய் வாருங்கள்.