வீரபத்திரன் சுவரில் புதைத்த மூன்று இழை

பாலவனத்தம் வீரபத்திரன் கரிசலில் மிளகாய் போட்டு, மழை ஏமாற்றிய வருடங்களையெல்லாம் தாண்டி நின்றவர். பாம்பைக் கையால் பிடித்து வரப்புக்கு அப்பால் விட்டுவிட்டு வெற்றிலை போடுவார். ஆனால் மனைவி ஜக்கம்மாளின் அண்ணன் சண்முகவேல் திருச்சுழியிலிருந்து வருகிறார் என்றால் துண்டு தோளில் நிற்காது. மகள் காதுகுத்துக்கு அவர் சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவை இவர் பரணில் ஏற்றிவிட்டார். அதைப் பார்த்த சண்முகவேல் பல வருடம் வாசல் மிதிக்கவில்லை. ஜக்கம்மாள் அப்போது அழுத கண்ணீரைத் தேக்கியிருந்தால் எங்கள் கண்மாய்ப் பாசனத்தில் ஒரு போகம் விளைந்திருக்கும்.

எண்பத்தெட்டில் வீரபத்திரன் காரை வீடு கட்டினார். ஒயரைச் சுவருக்குள் புதைப்பது அப்போதுதான் ஊருக்கு வந்த நாகரிகம். பூசுவதற்கு முன்னால் வாங்கியாக வேண்டும். ஒயரிங் இருளாண்டி, அருப்புக்கோட்டைக் கடையில் இரண்டு சுருளை எடுத்து வைத்தான். ஒன்றில் மூன்று செப்பு இழை. லைட்டுக்கும் ஃபேனுக்கும் போதும். மற்றதில் ஏழு, பெரிய லோடைத் தாங்கும்.

“கிரைண்டரு வருமாண்ணே?” என்று கேட்டான்.

வீரபத்திரன் கடைக்காரரை ஓரக்கண்ணால் பார்த்தார். பால் காய்ச்சும் அன்று மச்சினன் சீர் கொண்டு வருவார். என்ன சீர் என்று யார் கேட்பது? கேட்டால் பிச்சை. கேட்காமல் ஏழு இழை வாங்கினால்? கடைக்காரரோ சண்முகவேலின் பங்காளி. கிரைண்டரை எதிர்பார்த்து மாப்பிள்ளை சுவரையே தயார் செய்துவிட்டார் என்ற செய்தி அடுத்த பஸ்ஸிலேயே திருச்சுழிக்குப் போய்விடும்.

“மூணே போடுப்பா. எங்க வீட்ல ஆட்டுரலு இருக்கு,” என்றார்.

இருளாண்டி மறுபடியும் சொல்லிப் பார்த்தான். வீரபத்திரன் கடைக்காரர் காதில் விழும்படி ஆட்டுரலின் பெருமையைப் பேசிக்கொண்டே வெளியேறினார்.

பால் காய்ச்சிய அன்று வேனிலிருந்து கிரைண்டர் இறங்கியது. மாலையும் சந்தனமுமாய், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி. சண்முகவேல் நடுவீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“அண்டா மாதிரி இதையும் பரண்ல ஏத்திராதீக மாப்ள. ஓடுறதப் பாத்துட்டுத்தான் எலயில உக்காருவேன்.”

ஜக்கம்மாள் ஊறிய அரிசியோடு வந்து கணவரையே பார்த்தாள். இருளாண்டி வேண்டாமென்று கண்ணைக் காட்டினான். வீரபத்திரன் சுவிட்சைப் போட்டார்.

கல் சுற்றியது. ஃபேன் சோம்பியது, பல்புகள் மாம்பழ நிறத்துக்குப் போயின. சுவரிலிருந்த பல்லிகள் சூடு பொறுக்காமல் வரிசையாக இறங்கி வாசல் வழியே வெளியேறியதை என் கண்ணால் பார்த்தேன். புதுப் பெயிண்ட் வாசனை என்று சனம் மூக்கை உறிஞ்சியது. அது ஒயர் வாசனை. மாவு அரைந்து முடியும்வரை வீரபத்திரன் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் இருளாண்டி ஒயரை மாற்றப் பார்த்தான். குழாய்க்குள் சிமெண்டுப் பால் இறங்கி இறுகியிருந்தது. இழுத்தால் ஒயர் வராது, வீடுதான் வரும் என்றான். சுவருக்கு வெளியே தனியாக ஏழு இழை இழுக்கலாமென்று சொன்னதற்கு ஜக்கம்மாள் ஒப்பவில்லை.

“எங்கண்ணன் சீருக்கு இந்த வீட்ல எடமில்லன்னு செவுத்துல எழுதி ஒட்டுன மாதிரி இருக்கும்.”

அதற்குப் பிறகு சண்முகவேல் வரும்போதெல்லாம் லைட்டையும் ஃபேனையும் அணைத்துவிட்டுக் கிரைண்டரை ஓட்டினார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல வீரபத்திரன் சுவரைத் தொட்டபடி நிற்பார். அதைப் பார்த்து மச்சினனுக்கு ஒரே பூரிப்பு.

“மாப்ளைக்கு வீட்டு மேல எம்புட்டுப் பாசம் பாத்தியா தங்கச்சி,” என்றார் ஒருநாள். “வார பொங்கலுக்கு ஃபிரிட்ஜு ஒண்ணு கொண்டாரேன்.”

வீரபத்திரன் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.