பின் சீட்டில் யாரும் உட்காரவில்லை

என் மாமா ஓட்டும் கார் லேசுப்பட்டதல்ல. அதன் பின் சீட்டை அவர் தினமும் துடைப்பார். முதலாளியின் பேத்தி அதில் பாலைக் கொட்டியபோது பழைய பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்து, ஹேர் டிரையர் பிடித்துக் காய வைத்திருக்கிறார். ஆனால் ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஊரில் டிராக்டர் ஓட்டிக் கை பழகியவர். அப்புறம் லாரியில் கிளீனர், அதே லாரிக்கு டிரைவர். கடைசியில், தண்ணீர்ப் பம்பு தயாரிக்கும் ஒரு முதலாளியிடம் வந்து சேர்ந்தார். முதலாளி வண்டியை மாற்றினாரே தவிர, மாமாவை மாற்றவில்லை.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. பட்டமளிப்பு விழாவுக்கு, முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்தக் காரை வாங்கி, அம்மாவை அதில் கூட்டிவந்தார் மாமா. மண்டப வாசலில் நிறுத்தினார். சுற்றி வந்து பின் கதவைத் திறந்தார். ஒரு கை கதவில், இன்னொரு கை அம்மாவின் தலைக்கு மேலே, இரும்பில் இடிக்காதபடி விரித்து. சொந்த அக்காவுக்கு அப்படி நின்றார். அம்மா வீட்டுக்கு வந்து என் பட்டத்தைவிட அந்தக் கையைப் பற்றித்தான் அதிகம் பேசினாள்.

படிப்பு முடிந்து எனக்கு வேலை கிடைத்தது, அந்தக் காரைச் செய்கிற கம்பெனியில்தான். அடுத்து எந்தக் கார் செய்வது என்று யோசிக்கும் திட்டப் பிரிவு. "நீ காகிதத்துல ஓட்டு மாப்ள, நான் ரோட்டுல ஓட்டுறேன்" என்று மாமா சிரிப்பார்.

காகிதத்தில்கூட எங்கள் வண்டி ஓடவில்லை. ஒவ்வொரு புது மாடலும் முந்தியதைவிடக் குறைவாக விற்றது. இத்தனைக்கும் எதையும் வாடிக்கையாளரைக் கேட்காமல் நாங்கள் செய்வதில்லை. சொகுசுக் கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்களை ஒரு மண்டபத்துக்குக் கூப்பிடுவோம். எந்தக் கம்பெனி கூப்பிடுகிறது என்று வெளியே தெரியக் கூடாது. அதனால் வேறு ஒரு நிறுவனம் நடத்தித் தரும், கார்களின் சின்னத்தை மூடிக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். வந்தவர்களிடம் பேர் கேட்பதில்லை. பெரிய மனிதர்களிடம் அடையாள அட்டை கேட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் அல்லவா? வாசலில் கார் நம்பரைச் சரிபார்த்து, ஒவ்வொரு முறையும் அந்தக் காருக்கென்று உள்ள அதே எண்ணைச் சட்டையில் குத்திவிடுவார்கள், அவ்வளவுதான்.

அதில் நான்காம் நபர்தான் எங்கள் பிரிவுத் தலைவருக்கு உயிர். எதைக் கேட்டாலும் திரையில் படம் போட்டே பதில் சொல்வதால், தலைவருக்கு 'ஸ்லைடு சார்' என்று பேர். "நாலாம் நபர் டிரைவரே வச்சுக்கறதில்ல, தானே ஓட்டிட்டு வர்றாரு. வந்ததும் நேரா ஸ்டியரிங்கத்தான் பிடிக்கிறாரு. அவரு மட்டுமில்ல, எல்லாரும் அப்படித்தான். ஓட்டுறதுல இருக்குற சுகம்! அதுதான்யா நம்ம கஸ்டமர்." வெள்ளை சீட் வேண்டாம், அழுக்குத் தெரியும் என்று நான்காம் நபர் சொன்னதை, 'எளிமையில் மிளிரும் ரசனை' என்று ஒரு ஸ்லைடாகவே போட்டிருந்தார். முன் சீட்டில் முதுகைப் பிடித்துவிடும் கருவி வந்தது, கால் நீட்ட இடம் வந்தது. அந்த இடத்துக்காகப் பின் சீட் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிக்கொண்டே போனது.

இந்த முறை வாழ்வா சாவா என்ற நிலை. தேர்ந்தெடுக்க மூன்று மாதிரிகள். ஒன்று உயரமான வண்டி. இரண்டாவது, இருவர் மட்டும் உட்காரும் வேக வண்டி, ஸ்லைடு சாரின் செல்லம். மூன்றாவது, ஸ்டியரிங்கே இல்லாத, தானே ஓட்டிக்கொள்ளும் வண்டி.

அந்தச் சமயத்தில் மாமா போன் பண்ணினார்.

"மாப்ள, உங்க கம்பெனில டிரைவர் இல்லாத காரு வருதாமே, நெஜமா?"

"யாரு சொன்னா?"

"பேப்பர்ல போட்டிருக்கான்னு முதலாளி படிச்சாரு. வந்தா மொத ஆளா நான் வாங்குவேன்னாரு. பின்னாடி உக்காந்துக்கிட்டு, என் முதுகுக்கு நேரா சொல்றாருடா."

"ஆபீஸ் விஷயத்த வெளில சொல்லக் கூடாது மாமா."

"சொல்ல வேணாம். பாப்பா படிப்பு முடியற வரைக்கும் இந்த ஸ்டியரிங் என் கைல இருந்தாப் போதும். உனக்கு அடுத்த டிகிரி அவதான் வாங்கணும், பாத்துக்க."

பாப்பா என்றது அவர் மகளை. கல்லூரியில் இப்போதுதான் சேர்ந்திருந்தாள். மாமாவின் குரல் இறங்கி நான் அதுவரை கேட்டதே இல்லை.

மூன்று மாதிரிகளையும் காட்ட ஆட்களைக் கூப்பிட்ட அன்றுதான் நான் முதல் தடவையாக மண்டபத்துக்குப் போனேன். வெளியே மரத்தடியில் ஒரு டீக்காரர் பெரிய கேனோடு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களின் டிரைவர்களுக்காக ஏற்பாடு செய்தது.

"என்ன தம்பி, எப்பவும் இதே கதையா இருக்கு. இவ்ளோ காரு நிக்குது, டீ குடிக்க ஒரு டிரைவர் கெடையாது. ஆறின டீயக் கீழ ஊத்துறதுக்கா என்னைக் கூப்பிடுறீங்க?"

"எல்லாரும் சொந்தமா ஓட்டிட்டு வர்றவங்கண்ணே" என்றேன் பெருமையாக.

உள்ளே ஒருபக்கக் கண்ணாடி. நாங்கள் பார்க்கலாம், அவர்களுக்கு நாங்கள் தெரிய மாட்டோம். நான், ஸ்லைடு சார், புதிதாக வந்த நிர்வாக இயக்குநர் மேடம். "இப்பப் பாருங்க மேடம், நம்ம நாலாம் நபரு" என்று ஸ்லைடு சார் கல்யாண மாப்பிள்ளையைக் காட்டுவதுபோலக் கையை நீட்டினார்.

கதவு திறந்தது. முதலாளியின் மெரூன் சட்டையில், நீளமான கையை மடித்துவிட்டுக்கொண்டு, நெஞ்சில் 4 என்ற வில்லையோடு என் மாமா உள்ளே வந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு யாரோ என்று கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். அதே நடை. அதே மீசை. பின் பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருக்கும் அதே மஞ்சள் துடைக்கும் துணி. இவர் டிரைவர் என்று சொன்னால் மாமாவின் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

வேக வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். "பின்னாடி சீட்டு எங்கம்மா?"

"இதுல ரெண்டு பேருக்கு மட்டும்தான் சார்" என்றாள் கேள்வி கேட்கும் பெண்.

"அப்ப முத... அப்ப சரி."

ஸ்லைடு சார் 'மகிழ்ச்சி' என்று குறித்துக்கொண்டார்.

மூன்றாவது வண்டிக்கு வந்ததும், மாமாவின் கை தானாக முன் கதவின் பிடியைத் தேடியது. அங்கே பிடி இல்லை. வழவழவென்று தகடுதான்.

"முன் கதவு எங்க?"

"இதுக்கு டிரைவரே வேண்டாம் சார். வண்டியே ஓட்டிக்கும். நீங்க ராஜா மாதிரி பின்னாடி உக்காருங்க."

நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. அப்புறம் மெல்லப் பின் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் யோசித்து, ஏறினார். பெண் பார்க்கப் போன வீட்டில் உட்காருவதுபோல நுனியில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார்.

"இதை வாங்குவீங்களா சார்?"

வேண்டாம்னு சொல்லுங்க மாமா, நீங்க சொன்னா இந்தக் கம்பெனி கேட்கும். மனசுக்குள் கத்தினேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கத்தி என்ன பிரயோஜனம்?

"வாங்குவேன்" என்றார் மாமா.

"ஏன் சார்?"

"முன்னாடி ஒருத்தன் காது தீட்டிட்டு உக்காந்திருக்கானேன்னு பயப்பட வேண்டாம் பாருங்க. போன்ல நிம்மதியாப் பேசலாம். அழணும்னா அழக்கூடச் செய்யலாம்."

 அந்த மனுஷன் தன் சீட்டைத் தானே கழற்றிக் கொடுத்துவிட்டார்.

மேடத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நானே அவர்கிட்ட பேசறேன்" என்று எழுந்துவிட்டார். "மேடம், விதிப்படி நாம..." என்று இழுத்தபடி ஸ்லைடு சாரும், பின்னால் நானும் ஓடினோம். பெரிய இடத்து அம்மா ஒருவர் காரை நோக்கி வருவதைப் பார்த்ததும் மாமா விருட்டென்று இறங்கினார். கதவை அகலத் திறந்து பிடித்தார். இன்னொரு கை மேலே போய், மேடத்தின் தலைக்கும் இரும்புக்கும் நடுவே விரிந்து நின்றது.

மேடம் ஏறி உட்கார்ந்தார். மாமா சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, கடைசி இடுக்கை உள்ளங்கையால் அழுத்தி மூடினார். துணியை எடுத்துப் பிடியை ஒரு துடைப்பு. வண்டியைச் சுற்றி முன்பக்கம் ஓடினார். அங்கே ஏறக் கதவில்லாமல் திகைத்து நின்றபோது, எதிரே நான்.

"மாப்ள! நீ எங்கடா இங்க?"

 மேடம் கண்ணாடியை இறக்கினார்.

"நீங்க யாரு?"

மாமா சட்டைக் கையைப் பிரித்து மறுபடி மடித்தார். "டிரைவருங்கம்மா."

"இன்னிக்கு மட்டுமா?"

"கூப்பிட்டப்பல்லாம் நான்தாங்க வந்தேன். எனக்கு நேரமில்ல, என் சட்டையப் போட்டுக்கிட்டுப் போயி எதாச்சும் சொல்லிட்டு வா, அந்தப் பரிசுப் பைய மறந்துடாதன்னு முதலாளிதான் அனுப்புனாரு."

ஸ்லைடு சாரின் முகத்தில் ஈயாடவில்லை. இருந்தாலும் சமாளித்துக்கொண்டு, "ஒரு ஆள்தானே மேடம். நாலாம் நபர எடுத்துட்டா மத்தவங்க சொன்னது அப்படியே நிக்கும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த டீ கேன் நினைவுக்கு வந்தது. 

"சார், வெளிய இவ்ளோ காரு நிக்குது. ஆனா டீ குடிக்க ஒரு டிரைவர்கூட இல்ல சார்."

அதற்கென்ன என்பதுபோல ஸ்லைடு சார் முறைத்தார். மேடத்துக்குப் புரிந்துவிட்டது. மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

"நம்ம ஆளுங்கதாங்கம்மா எல்லாம். ஏழாம் நம்பர் என்கூட லாரில ஓடினவன்."

காத்திருக்கும் அறைக்குப் போனோம். நல்ல நல்ல சட்டைகளில், சோபா நுனியில், கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் மொத்தமாக எழுந்து நின்றார்கள். ஒரே ஒரு பெரியவர் மட்டும் எழவில்லை.

"நீங்க டிரைவர் இல்லையா சார்?" என்று கேட்டார் மேடம்.

"நான்தான்மா ஓனர். டிரைவர் இன்னிக்கு லீவு. அதான் நானே வர வேண்டியதாப் போச்சு."

ஸ்லைடு சார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை காலமாக, வாங்குகிறவருக்கு என்று சொல்லி, ஓட்டுகிறவருக்குக் கார் செய்திருக்கிறோம்! பணம் கொடுப்பவர் இடுப்பொடியப் பின்னால் உட்கார்ந்திருக்க, முன்னால் என் மாமாவுக்கு முதுகு பிடித்துவிட்டிருக்கிறது எங்கள் கம்பெனி. நான் படித்த படிப்பு, போட்ட கட்டங்கள், எல்லாம் கண்முன்னே பொலபொலவென்று உதிர்ந்தன.

மேடம் அங்கேயே முடிவெடுத்தார். "உங்க முதலாளிகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

முதலாளியின் காரை மாமா ஓட்ட, நான் பக்கத்தில். முதல் குழியிலேயே பின்னாலிருந்து "அம்மா!" என்று சத்தம் வந்தது. அடுத்ததில் மேடத்தின் தலை கூரையில் இடித்தது.

"பின் சீட்டு இவ்ளோ மோசமா இருக்கே, ஒருதடவைகூட ஏன் சொல்லல?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் அதுல உக்காந்ததே இல்லையே."

பம்புத் தொழிற்சாலையின் அலுவலக அறை. முதலாளி இடுப்புக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். மாமா வாசற்படியோரம் நின்றார். மெரூன் சட்டையின் முதுகு நனைந்து கறுத்திருந்தது. வேலை போயாச்சு என்று என் காதில் முணுமுணுத்தார்.

மேடம் நேராகவே கேட்டார். "டிரைவர் இல்லாத கார் செஞ்சா வாங்குவீங்களா சார்? உங்களுக்குப் பதிலா இவர் வாங்குவேன்னு சொன்னாரு."

"இவனா சொன்னான்? பைத்தியமாடா நீ?" முதலாளி மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்கவே மாட்டேன்மா. பேப்பரப் பாத்து ஏதோ பேச்சுக்குச் சொன்னத இவன் நெசம்னு நெனச்சுட்டான். வீட்டுக்காரம்மா போன் பண்ணா, ஐயா மீட்டிங்ல இருக்காருன்னு யாரு சொல்றது? காரா சொல்லும்?"

மாமா வாயைப் பிளந்து நின்றார். எத்தனை நாள் தூக்கத்தைத் தொலைத்திருப்பார்! 

"அப்ப உங்களுக்கு என்ன வண்டி வேணும்?"

"இடுப்பு வலிக்காத ஒரு பின் சீட்டு. வேற ஒரு மண்ணும் வேண்டாம். அது கெடைக்காமத்தான் நேத்து வேற கம்பெனி வண்டிக்குச் சொல்லிட்டேன்."

மேடத்தின் முகம் சுருங்கியது. "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்."

"நீங்க எங்க என்னைக் கேட்டீங்க? இவனத்தானே கேட்டீங்க!"

"நீங்கதானே சார் இவர அனுப்புனீங்க?" என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். முதலாளி தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

அந்த மூன்று மாதிரிகளும் கிடங்குக்குப் போயின. பின் சீட்டிலிருந்து தொடங்கி ஒரு வண்டி வரைந்தோம். நடுவில் முதலாளி அந்த வேற கம்பெனி வண்டியை வாங்கிவிட்டார், அதையும் மாமாதான் ஓட்டுகிறார். மறுபடி ஆட்களைக் கூப்பிட்டபோது புது வண்டியின் முன் கதவுகளைப் பூட்டிவைத்து, வீட்டுக்கே போய் முதலாளிகளை அவரவர் காரில், அவரவர் டிரைவரோடு கூட்டிவந்து பின் சீட்டில் உட்காரவைத்தோம்.

அன்றைக்கு நான் வெளியே வந்தபோது மரத்தடியில் ஒரே கூட்டம், சிரிப்பு. டீக்காரர் கேனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "தம்பி, டீ பத்தலப்பா! இன்னொரு கேனுக்குச் சொல்லு!"

கூட்டத்தின் நடுவில் மாமா. கையில் டம்ளர், தோளில் மஞ்சள் துணி.

"என்ன மாப்ள, உள்ள என்ன சொல்றாரு எங்காளு?"

"இன்னும் பின் சீட்ட விட்டு எறங்கல மாமா. தூங்கிட்டாரு."

"எழுப்பிடாதீங்கடா" என்றார் மாமா. அதே நேரம் அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா. ஐயாவா? மீட்டிங்ல இருக்காரும்மா."