புளிப்பானையில் ஒரு பாறைச் சில்லு

ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால், தலையணைகளை அடுக்கி வைத்ததுபோல ஒரு கரும்பாறை உண்டு. அதற்கு உலக அங்கீகாரம் வாங்க இப்போது மனுமேல் மனு போகிறதாம். போகட்டும். அந்தப் பாறையால் எங்கள் வீட்டில் ஒருநாள் அடுப்பு எரியவில்லை என்பதை எந்த மனுவிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா அந்தப் பாறையில்தான் துணி காயப்போடுவாள். ஒரு மத்தியானம் நான் துணிக்குக் காவலிருந்தபோது, கற்களை ஆராய்கிற ஒரு பெரியவர் சுத்தியலோடு வந்தார். இது கடலுக்கடியில் நெருப்புக் குழம்பு பொங்கி உறைந்தது, உலகமே வந்து பார்க்க வேண்டியது என்று, எங்கள் பாவாடைகளை ஓரமாக நகர்த்திக்கொண்டே சொன்னார். போகும்போது உடைத்த சில்லு ஒன்றை என் கையில் கொடுத்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் அதைப் பார்த்ததும் அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"இன்னாடி இது? எங்கருந்து எடுத்தாந்த? உங்க நைனாவுக்கு வேல இருக்கணுமா வேணாமா?"

எங்கள் ஊரில் வீட்டுக்குள் கல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சுரங்கத்தில் திருடியது. தங்கம் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். சோதனையில் அகப்பட்டால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். நான் அழுது சொல்லியும் கேட்பாரில்லை. அம்மா சில்லை அரிசிப் பானையில் ஒளித்தாள். அத்தை அதை எடுத்துப் புளிப்பானையில் ஒளித்தாள். சமையலை மறந்து இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்த நைனா, புளியைத் துடைத்துவிட்டுச் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லைப் பற்றி அவருக்குத் தெரியாததா?

"இது நம்ம பாறைதான். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். சோதனைக்கு வர்றவனுக்குத் தெரியுமா?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

என்னையும் கூட்டிக்கொண்டு பாறைக்குப் போய், உடைந்த இடத்தைத் தேடிப் பிடித்துச் சில்லைப் பொருத்தி வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. என்மேல் ஒரு அடிகூட வைக்காத நைனாவை அன்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

திரும்பும்போது அவர் என் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்து, மெதுவாக ஒரு சுற்று சுற்றினார்.

"ஒண்ணுமில்ல, பாத்துக்க."

விளையாட்டு என்று நினைத்து நானும் கைவிரித்துச் சுற்றினேன். வேலை முடிந்து வெளியே வரும்போது, சுரங்க வாசலில் சோதனை போடும் காவலாள் முன்னால் தினமும் அவர் அப்படித்தான் நிற்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். செய்தார்.