சிவந்து வெளுத்த பொத்தான்

லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்வரை மெக்கானிக் என்று ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றால்தான் தேடுவார்கள், அதுவும் திட்டிக்கொண்டே. இந்த மெக்கானிக்குக்கு அதில் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை. உயரமான கட்டடங்களின் உச்சியில் இருக்கும் மெஷின் ரூம்களில்தான் பாதி ஆயுசு போயிருக்கிறது. மோட்டாரின் சூடு, கிரீஸ் வாடை, கம்பிக் கயிறு சக்கரத்தில் ஏறி இறங்கும் சத்தம். கதவைச் சாத்திக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்தால் ஒரு பயலும் தொந்தரவு செய்யமாட்டான்.

வீட்டிலும் தொந்தரவு செய்ய ஆளில்லாமல் போனபோதுதான் மனுஷன் ஆட்டம் கண்டார். மகளுக்குப் பையன் பிறந்ததும் துணைக்கென்று கிளம்பிப் போன மனைவி, குழந்தை தவழட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள், இப்போது பள்ளிக்கூடத்தில் சேரட்டும் என்கிறாள். இந்தக் கணக்கில் பேரனுக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் வீடு திரும்புவாள் என்று அவர் போனில் கிண்டலடித்தார். அவளும் சிரித்தாள். போனை வைத்ததும் வீடு முன்னைவிட அமைதியானது. ஒற்றைத் தட்டு, ஒற்றைத் தம்ளர், கழுவிக் கவிழ்த்தால் முடிந்தது சமையலறை.

அப்பா சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்து மகள்தான் அவரை அந்த ஞாயிறு மடலில் சேர்த்துவிட்டாள். வாரம் ஒருமுறை மெயிலில் வரும். எழுதுகிறவர் ஓய்வுபெற்ற நூலகரம்மா ஒருவர். பழைய பூட்டு, பொருத்தம் தெரியாத சாவி, ஒற்றைச் செருப்பு என்று வீட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு சாமானைப் பற்றி நிதானமாக எழுதுவார். மெக்கானிக்குக்கு அதில் பாதிதான் பிடிக்கும். ஆனால் மடலுக்கு அடியில் வாசகர்கள் எழுதும் கருத்துகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு அவர் அடிமையாகிவிட்டார். ஆளாளுக்குப் புனைபெயர் வைத்துக்கொண்டு வீட்டுக் கதை, வயிற்றுவலிக் கதை எல்லாம் கொட்டுவார்கள். இவரும் 'மேல்மாடி' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அங்கே இரண்டே கட்டுப்பாடுகள். யாரும் யாருடைய பெயர், முகவரி, போன் நம்பர் கேட்கக் கூடாது. அடுத்தது கொஞ்சம் விசித்திரமானது. யாராவது துக்கத்தைச் சொன்னால் பதிலுக்கு ஆறுதல் எழுதக் கூடாது. கடைசிவரை படித்துவிட்டு, அந்தக் கருத்தின் அடியிலிருக்கும் இதயப் பொத்தானை அழுத்தினால் போதும். ஒருமுறை ஒரு அம்மாள் கணவரைப் பறிகொடுத்ததை எழுத, ஆளாளுக்கு ஆறுதல் சொல்லக் கிளம்பி, எந்த வைத்தியம் பார்த்திருக்க வேண்டும் என்பதில் சண்டை மூண்டு, கடைசியில் அந்த அம்மாளே எல்லோரையும் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிட்டதாம். அதற்குப் பிறகு நூலகரம்மா போட்ட சட்டம் இது. யோசித்துப் பார்த்தால் நல்ல சட்டம்தான், பொத்தான் ஒழுங்காக வேலை செய்தால்.

மெக்கானிக்குக்கும் அண்ணனுக்கும் ரொம்ப காலமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்த அண்ணன் இறந்த செய்தி அவருக்கு மூன்றாம் மனிதர் வழியாக, எல்லாம் முடிந்த பிறகு வந்தது. யாரிடம் போய் அழுவது? மனைவி அண்ணன் பக்கம் திரும்பிப் பார்த்தே பல வருஷம். மெஷின் ரூமில் உட்கார்ந்து, கிரீஸ் விரலைத் துடைத்துத் துடைத்து, நாலு வரி எழுதி அங்கே போட்டார். போட்ட கையோடு ஒரு இதயம் விழுந்தது. போட்டவள் 'ஜன்னலோரம்' என்ற பெயரில் எழுதும் பெண். படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் அக்காவைத் தனியாளாகக் கவனித்துக்கொள்பவள், அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல்தான் தனக்கு டி.வி. என்று எழுதுவாள். அந்த ஒரு சிவப்புப் பொட்டைப் பார்த்த பிறகுதான் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கியது. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவருக்கு இறங்கியது.

அதிலிருந்து ஜன்னலோரம் எதை எழுதினாலும் முதல் இதயம் மேல்மாடியுடையதாக இருக்கும். அக்கா இன்றைக்குக் கஞ்சி குடித்தாள், ஒரு இதயம். முதுகுப் புண் ஆறவில்லை, ஒரு இதயம். மனைவியிடம் இதை மறைக்கவில்லை. "யாருங்க அந்தப் பொம்பளை?" என்று அவள் கேட்டதற்கு, தெரியாது, பெயர்கூடத் தெரியாது என்றார். பெயர் தெரியாதவளுக்குத்தான் இந்த இதயமெல்லாமா என்று அவள் மகளைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு வேலைநாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் மெஷின் ரூமில் வைத்து அந்தக் கருத்தைப் பார்த்தார்.

"அக்கா காலைல போய்ட்டா. இப்பதான் எடுத்துட்டுப் போனாங்க. கட்டில் காலியா இருக்கு. வீட்ல நான் மட்டும்தான். படிச்சவங்க இதயம் போடுங்க. யாராவது இருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும்."

அவர் டிபன் பாக்ஸை மூடிவைத்தார். கடைசிவரை படித்து, இன்னொரு தரம் படித்து, இதயத்தை அழுத்தினார். சிவந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் வெளுத்துப்போனது. எண்ணிக்கை பூஜ்யம்.

அந்தப் பொத்தான் நாலைந்து வாரமாகவே கோளாறு செய்துகொண்டிருந்தது. எல்லோரும் புலம்பினார்கள், அக்காவுக்கு முற்றிவிட்டதால் அந்தப் பக்கமே வராமலிருந்த ஜன்னலோரத்தைத் தவிர. ஒருவர் தன் கைரேகை தேய்ந்துவிட்டது என்று சந்தேகப்பட்டு விரலைச் சோப்புப் போட்டுக் கழுவியதாகக்கூட எழுதியிருந்தார். அந்தத் தளத்தை நடத்தும் கம்பெனிக்கு எழுதினால், போனை அணைத்து மறுபடி போடுங்கள் என்று ஒரே பதில். பூனைப் படத்துக்கும் பழைய செருப்புக் கதைக்கும் இதயம் நிற்காவிட்டால் யாருக்கு என்ன போயிற்று? அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரும்தான்.

இப்போது அப்படி விட முடியுமா? மறுபடி அழுத்தினார். சிவந்தது, வெளுத்தது. எழுந்து கதவோரம் போய் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் நின்று அழுத்தினார். போனை அணைத்துப் போட்டும் அழுத்தினார். லிஃப்ட் வராமல் தவிக்கும் ஜனங்களுக்கு இத்தனை வருஷமாக அவர் சொல்லிவந்தது ஒன்றுதான்: லைட் எரியவில்லையா, இன்னொரு தரம் அழுத்துங்கள், எத்தனை தரம் அழுத்தினாலும் கெட்டுப்போகாது. அவர் பார்க்கும் லிஃப்ட்களில் அது உண்மை. ஒருமுறை கூப்பிட்டால் கூப்பிட்டதுதான், மறுபடி அழுத்தினால் அந்த அழைப்பு ரத்தாகாது. அந்த நம்பிக்கையில் பாவி மனுஷன் அழுத்து அழுத்தென்று அழுத்தினார்.

மகளுக்குப் போன் போட்டார். அவள் ஆபீஸில் இருந்தாள். இதயம் நிற்கவில்லை என்று அவர் பதறியதில் அவள் முதலில் நெஞ்சுவலி என்று பயந்து எழுந்தே விட்டாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"ஒரு லைக் பட்டனுக்கா அப்பா இப்படிப் பயமுறுத்துறீங்க? விடுங்கப்பா, அவங்க புரிஞ்சுக்குவாங்க."

"அவங்களுக்கு எப்படிம்மா புரியும்? பூஜ்யம்னுல்ல காட்டுது."

மீட்டிங் இருக்கிறது, சாயங்காலம் பேசலாம் என்று வைத்துவிட்டாள். அவள்மேல் குற்றமில்லை. அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

பதில் எழுதிவிடலாமா என்று யோசித்தார். இரண்டு வார்த்தை, நான் இருக்கிறேன் என்று. ஆனால் துக்கத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்பது சட்டம். அவள் அந்தச் சட்டத்தை மதிப்பவள். ஆறுதல் என்ற பேரில் சொந்தக்காரர்கள் வந்து தன் உயிரை எடுப்பதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். இந்த நேரத்தில் போய் அவளைக் குத்திவிடக் கூடாதே என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சட்டமாவது மண்ணாவது என்று அப்போதே எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளே இன்னொரு கருத்தைப் போட்டாள்.

"எனக்கு மெயில்ல வந்துட்டே இருக்கு, இன்னார் இதயம் போட்டார்னு. வந்து பார்த்தா ஒண்ணுகூட இல்ல. போட்டுட்டு எடுத்துட்டீங்க போல. மேல்மாடி, உங்க பேர்தான் நிறைய தடவ வந்துச்சு. போட்டு எடுத்து, போட்டு எடுத்து. அவ்வளவு யோசிக்க வேண்டியிருந்துச்சா? பரவாயில்லைங்க."

தலையில் இடி விழுந்தது அவருக்கு. மற்றவர்கள் இதயம் போட்டால் தனக்கு மெயில் வருவதை அவர் என்றோ நிறுத்திவைத்திருந்தார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்தப் பக்கம் ஒரு செய்தி போகும் என்பது நினைவில் இல்லை. சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எழுத ஆரம்பித்தார். 'அம்மா, நான் எடுக்கவில்லை. பொத்தான் கோளாறு. நான் இங்கேயேதான் இருக்கிறேன்.' அவசரத்தில் எழுத்து மாறி மாறி விழுந்தது. திருத்தித் திருத்தி அடித்து, அனுப்பு என்பதைத் தொட்டார். சின்ன வட்டம் ஒன்று சுழலத் தொடங்கியது.

சுழன்றுகொண்டே இருக்கும்போது மெஷின் ரூம் மணி அலறியது. கீழே பழைய லிஃப்ட் பாதி வழியில் நின்று உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? போனைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பிரேக்கைக் கையால் தளர்த்தி, லிஃப்ட்டை ஒரு தளத்துக்குக் கொண்டுவந்து, படியிறங்கி ஓடிக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் எவ்வளவு நேரம்யா என்று எரிந்து விழுந்தார். இன்னொரு பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் அவரால் மேலே ஏற முடிந்தது.

அவருடைய பதில் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் அதற்கு மேலே, அவள் எழுதியிருந்த இடத்தில், 'இந்தக் கருத்து நீக்கப்பட்டது, எழுதியவர் கணக்கை முடித்துக்கொண்டார்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. முதலில் எழுதியதற்கும் அதே வரி. அவர் பதில் யாருக்கென்று தெரியாமல் அந்தரத்தில் தொங்கியது.

அன்றைக்கே நூலகரம்மாவுக்கு மெயில் எழுதினார். பாவம், அவரும் ஆடிப்போயிருந்தார். ஜன்னலோரத்தின் மெயில் முகவரி கணக்கோடு சேர்ந்து அழிந்துவிட்டது, பெயர் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டது நானேதான், இப்போது எங்கே போய்த் தேடுவது என்று எழுதினார். அந்தப் பெண் இருப்பது இதே ஊரிலா, கடல் தாண்டியா என்பதுகூடத் தெரியாது. அடுத்த மடலில் நடந்ததை விளக்கி, ஜன்னலோரம் இதைப் படித்தால் திரும்பி வரவேண்டும் என்று கேட்டிருந்தார். கணக்கை முடித்துக்கொண்டவளுக்கு மடல் எப்படிப் போகும்? எழுதியவருக்கும் அது தெரியும்.

போனில் மனைவி இந்தமுறை கிண்டல் செய்யவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்க அக்காளுக்கு எத்தனை வயசுங்க?" என்றாள். தெரியாது என்றார். இத்தனை நாள் பழகி அதுகூடக் கேட்கவில்லையா என்றாள். கேட்கக் கூடாது என்றால் கேட்காத ஆள் அவர். அவள் பேரனின் கையில் போனைக் கொடுத்தாள். அவன் ஏதோ பாடினான். இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மாதத்துக்கு மேல் கழித்துக் கம்பெனிக்காரர்கள் பெரிய மனது பண்ணிப் பொத்தானைச் சரிசெய்தார்கள். சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று எல்லோருக்கும் மெயில். கோளாறு திரையில் மட்டும்தானாம், அழுத்தியதெல்லாம் சரியாகப் பதிவாகியிருக்கிறதாம். முதல் அழுத்தலில் இதயம் விழுந்திருக்கும், இரண்டாவதில் எடுபட்டிருக்கும், மூன்றாவதில் மறுபடி விழுந்திருக்கும், அதன்படி பழைய எண்ணிக்கைகளைத் திருத்திவிட்டோம் என்று வேலையை முடித்தவர்களின் நிம்மதியோடு எழுதியிருந்தார்கள்.

அவர் அந்தப் பழைய பக்கத்தைத் திறந்தார். சாம்பல் வரிக்குக் கீழே இதயங்கள் குவிந்து கிடந்தன. அவள் கேட்டபோது ஒன்றுகூட இல்லாத இடத்தில் இப்போது ஒரு கூட்டமே நின்றது, பார்ப்பதற்கு அவள்தான் இல்லை. தொட்டால் போட்டவர்களின் பெயர்ப் பட்டியல் விரிந்தது. விரலைக் கழுவினவர் இருந்தார். நூலகரம்மா இருந்தார். எதையும் படிக்காமல் போகிறபோக்கில் இதயம் போட்டுவிட்டுப் போவதற்கே பேர்போன ஒருவர், அவரும் இருந்தார். ஒருமுறை அழுத்திவிட்டு, நிற்கவில்லை என்றதும் தங்கள் வேலையைப் பார்க்கப் போனவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

மேல்மாடி இல்லை. கடைசியாக அவர் அழுத்தியது எடுத்துவிடும் அழுத்தலாக அமைந்துபோயிருக்கிறது. இப்போதாவது போட்டுவிடலாம் என்று இதயத்தைத் தொட்டார். நீக்கப்பட்ட கருத்துக்கு இனி இதயம் போட இயலாது என்று வந்தது. திரும்பத் திரும்பத் தொட்டும் அதையேதான் சொன்னது.

பட்டியலை மேலிருந்து கீழே இன்னொரு தரம் படித்தார். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர்களில் அவளைக் கைவிட்டவர் யார் என்று யாராவது எப்போதாவது வந்து பார்த்தால், அவர் ஒருவர்தான்.