முழு நீதிபதி

மலேசியாவில், ஈப்போ உயர் நீதிமன்றத்தில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளர். வேலை நேரத்தில் எனக்கென்று சொந்தப் பேச்சு கிடையாது. சாட்சி "எனக்குப் பசிக்குது" என்றால், நானும் மலாயில் எனக்குப் பசிக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்குப் பசிக்கிறதாம் என்று சொல்லக் கூடாது. இப்படியே நான் பல கணவன்மார்களைக் குறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறை லாரியைக்கூடக் கவிழ்த்திருக்கிறேன்.

அந்தப் பெரியவர் வந்தது ஓர் இடுகாட்டு வழக்குக்காக. காம்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் எடுத்தவர். தோட்டம் முதலில் எண்ணெய்க்கான செம்பனைக்கு மாறியது, பிறகு வீடு கட்டும் கம்பெனி கைக்குப் போனது. இடுகாட்டில் கல் வைத்த சமாதிகளை வேறு இடத்துக்கு மாற்றித் தருவோம், கல் இல்லாத ஓரத்தில் யாரும் புதைக்கப்படவில்லை, அங்கே சாலை போடுவோம் என்றது கம்பெனி. அந்த ஓரத்தில்தான் அவர் மனைவி இருந்தார். இப்போது அவர் வசிப்பது குனோங் ராபாட்டில், மகள் வீட்டில். மகள்தான் லாயர் பிடித்து வழக்குப் போட்டாள்.

விசாரணை நாளன்று, அறைக்கு வெளியே இருந்த பெயர்ப்பலகையை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"தங்கச்சி, இதுல ஜட்ஜுன்னு, அதான் ஹாக்கிம்னு போடலியே. என்னமோ பெசுருஜாயான்னு இருக்கு?"

"நீதித்துறை ஆணையர்ண்ணே. ஜட்ஜு வேலைதான். மொதல்ல கொஞ்ச காலத்துக்குன்னு போடுவாங்க, அப்புறம் நிரந்தரமா ஜட்ஜ் ஆக்குவாங்க. ஆக்காமலும் போகலாம்."

"அப்ப கண்ட்ராக்கு."

"அப்படியும் சொல்லலாம்."

அவர் முகம் வாடிவிட்டது. தேற்றலாமே என்று வரலாற்றைச் சொன்னேன். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பேராக் மாநிலத்திலும் பக்கத்து மலாய் மாநிலங்களிலும் ஆகப் பெரிய நீதிபதிக்கே இந்தப் பெயர்தான். பிறகு தலைமை நீதிபதி என்று வேறு பெயர் வந்ததும் இது பெட்டிக்குள் போய்விட்டது. சுதந்திரம் கிடைத்து வெகுகாலம் கழித்து வெளியே எடுத்து, உயர் நீதிமன்றத்தில் புதிதாக உட்காருகிறவர்களுக்குக் கொடுத்தார்கள்.

"தொரையா இருந்து கண்ட்ராக்கா ஆயிருச்சா?" என்றார். நான் சொன்ன வரலாறு அவரைத் தேற்றவில்லை.

உள்ளே ஆணையர் வந்து அமர்ந்தார். ஐம்பது வயதிருக்கும் மலாய்ப் பெண்மணி. பெரியவர் சத்தியப் பிரமாணம் செய்த கையோடு அவரைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, எனக்கு முழு ஜட்ஜு வேணும்."

நானும் ஆணையரைப் பார்த்து, எனக்கு முழு நீதிபதி வேண்டும் என்று மலாயில் சொன்னேன். பெரியவருடைய லாயர் பையில் எதையோ அவசரமாகத் தேடினார்.

ஏன் என்று கேட்டார் ஆணையர்.

"நானும் கண்ட்ராக்குலதான் வேல செஞ்சேன். அதே மரம், அதே கத்தி. ஆனா நெரந்தரமாகாதவன் தொரைய எதுத்துப் பேச முடியாது. இந்தக் கம்பெனி பெருசும்மா. நீங்க பாவம்லா."

எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். இங்கே எல்லா மொழியிலும் வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா' மட்டும் மலாய்க்கு அப்படியே போய்ச் சேர்ந்தது.

ஆணையர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க பயம் நியாயமானது. அதனாலதான் முழு நீதிபதியை யாரும் லேசுல நீக்க முடியாதபடி சட்டம் இருக்கு. என் பதவிக்கு ஒரு காலக்கெடு இருக்கு. அதிகாரத்துல அரை, முக்கால் எதுவும் இல்லை. நான் தப்பா தீர்ப்புச் சொன்னா நீங்க மேல்முறையீடு செய்யலாம். முழு நீதிபதி தப்பாச் சொன்னாலும் அப்படித்தான். ஆரம்பிக்கலாமா?"

நான் தமிழில் சொல்லி முடித்ததும் பெரியவர் யோசித்தார். "சரிம்மா. வந்தது வந்தாச்சு."

சாட்சியம் ஒரு முடிவுக்கும் வராததால், இடத்தை நேரில் பார்க்க எல்லாரையும் அழைத்துப் போனார் ஆணையர். சேற்றுக்கு ரப்பர் பூட்ஸ் போட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். ஓரத்தில் புல்லும் பெரணியும்தான் இருந்தன. இந்த இடம்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று பெரியவரிடம் கேட்டார் ஆணையர்.

"நான்தானே தோண்டுனேன்."

நான்தான் தோண்டினேன் என்றேன் மலாயில்.

"அன்னிக்கு நல்ல மழை. ஆள் கெடைக்கல. தலமாட்டுல பாற தட்டுச்சு, அதனால கோணலாத் தோண்டுனேன். அவள நேராப் படுக்க வைக்க முடியல."

அவளை நேராகப் படுக்கவைக்க என்னால் முடியவில்லை என்று சொல்ல வேண்டும். பாதியில் குரல் நின்றுவிட்டது. இத்தனை வருட வேலையில் அப்படி ஆனதில்லை. ஆணையர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். கம்பெனி லாயர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வாக்கியத்தை முடித்தேன்.

நீதிமன்ற உத்தரவுப்படி நிபுணர்கள் வந்து மண்ணைப் பார்த்தார்கள். பாறை இருந்தது. கோணலாக ஒரு குழியும் இருந்தது. அந்த ஓரத்தைத் தொடக் கூடாது என்று தீர்ப்பானது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. சாலை இப்போது அங்கே வளைந்து போகிறது.

மறு வருடம் ஆணையர் நீதிபதியாகப் பதவியேற்று வேறு மாநிலத்துக்குப் போனார். பேப்பரில் படம் பார்த்துவிட்டுப் பெரியவர் ஒரு டின் முறுக்கோடு நீதிமன்றத்துக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, அம்மா முழு ஜட்ஜு ஆயிட்டாங்களாமே. என் தீர்ப்ப இன்னொருவாட்டி சொல்லச் சொல்லலாமா?"

"வேணாம்ணே. அப்பச் சொன்னதே முழுத் தீர்ப்புதான்."

"கம்பெனிக்கு அது தெரியுமா?"

"தெரியும்ணே."

முறுக்கை அம்மாவுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். நீதிபதிகள் வாங்க மாட்டார்கள் என்றேன். ஆணையராக இருந்தபோதாவது வாங்கியிருப்பார்களா என்றார். அப்போதும் மாட்டார்கள் என்றேன். அதைக் கேட்டுத் திருப்தியானார்.