எட்டு கிலோமீட்டர் கோட்டைச்சாமி

கோட்டைச்சாமிக்கு வயது நாற்பத்தேழு. செக்காலையில் பதினெட்டு வருடம் ஓட்டிய ஆட்டோவை விற்றுவிட்டு, ஒக்கூர்ப் பக்கத்துக் கண்மாயில் புதிதாகத் திறந்த படகுக் குழாமில் மோட்டார் படகு ஓட்டச் சேர்ந்தார். ஒரு வருடம் விபத்தோ விதிமீறலோ இல்லாமல் ஓட்டினால் வேலை நிரந்தரம் என்று கமிட்டி சொல்லியிருந்தது. பதினோரு மாதமும் இருபது நாளும் அப்படியே ஓட்டியும்விட்டார்.

இதற்கிடையில் கரையில் கட்டிக் கிடந்த மிதிபடகின் மேல் நின்று செல்ஃபி எடுத்த ஒருவர் தண்ணீரில் விழுந்தார். கமிட்டி மூன்று முறை கூடி, காரணம் வேகமே என்று கண்டது. கட்டிக் கிடந்த படகுக்கு ஏது வேகம் என்று ஒரு உறுப்பினர் கேட்க வாயெடுத்தார். அதற்குள் வடை வந்துவிட்டது.

அன்றே வேகவரம்பு வைத்தார்கள்: மணிக்கு எட்டு கிலோமீட்டர். பள்ளி வேன்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டும் மெக்கானிக் வந்து மோட்டாரை இறுக்கி, சீலும் வைத்தார். அவர் சாலை அறிந்தவர். காற்றடித்தால் சாலை வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதில்லை. ஆடி மாதம் அவர் கணக்கில் வரவில்லை.

ஆடி ஞாயிறு ஒன்றில், படகுச் சவாரிக்கு வந்த யோகலட்சுமியையும் அவர் கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கோட்டைச்சாமி நடுக் கண்மாய்க்குப் போனார். திரும்பும்போது எதிர்க்காற்று. மோட்டார் முழு மூச்சில் உறுமியது. படகு பின்னால் போனது.

“அண்ணே, கரை அங்குட்டு இருக்கு. நாம இங்குட்டுல்ல போறோம்?”

“காத்து தள்ளுது தாயி.”

“பின்னால கருவேல முள்ளு! நல்லா முறுக்குங்கண்ணே!”

“இதுக்கு மேல முறுக்க விடாம சீல் வச்சிருக்காக.”

“அத அறுத்து விடுங்க!”

“அறுத்தா எம் பதினோரு மாசமும் போச்சு தாயி.”

முக்கால் மணி நேரம் எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓரிடத்திலும் சேராமல் பயணம் செய்தார்கள். முள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் கோட்டைச்சாமி மோட்டாரை நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவுதான் இருந்தது.

“அடப்பாவி மனுசா! இம்புட்டுத் தண்ணிக்கா நான் குலசாமிக்குக் கெடா நேர்ந்தேன்?”

கயிற்றைத் தோளில் போட்டுச் சேற்றில் நடந்து, படகைக் கரைக்கு இழுத்து வந்தார்.

கமிட்டிச் செயலாளர் சரவணக்குமார் நோட்டோடு நின்றிருந்தார்.

“சீல் அப்படியே இருக்கு, யாருக்கும் ஒரு கீறல் இல்ல. பாத்தீகளா, வேகவரம்பு எப்படி வேலை செய்யுதுன்னு! ஆனா ஆளுக இருக்கையில ஓட்டுநர் படகை விட்டு இறங்குனது விதிமீறல்தான். ஒரு வருசத்த நாளையிலருந்து திரும்ப எண்ணணும்.”

“அப்ப நான் என்னதான் செஞ்சிருக்கணும்?”

“உக்காந்திருக்கணும்.”

“எம்புட்டு நேரம்?”

“காத்து நிக்கிற வரைக்கும். ஆடி முடிய இன்னும் பதினாறு நாளுதான இருக்கு?”

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கோட்டைச்சாமி படகில் ஏறி உட்கார்ந்தார். முதல் நாள்.